முதுகில் வைத்த கை

ஸாலிஹின் ஜனாஸாவை வீட்டை விட்டு எடுப்பதற்கு முன், அவருடைய மூத்த சகோதரர் ஷரீப் ஹாஜியார் உள்ளறைத் திரைக்கு வெளியே நின்றுகொண்டு, மவுத்து வீடுகளில் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“ஸமீமா, மவுத்தானவர் ஒங்களுக்கு ஏதும் கொற குத்தம் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கிட்டீங்களா?”

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. காலமெல்லாம் அடி உதை வாங்கிய பெண்சாதிகூட அந்த நேரத்தில் ‘பொறுத்துக்கிட்டேன்’ என்று சொல்லிவிடுவாள். சொன்னதும் ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றுவார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் இதற்கு மாறாகப் பதில் சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஸமீமா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

ஷரீப் ஹாஜியார் இருமிவிட்டு இன்னொரு தரம் கேட்டார். கீழே ஜம்பட்டா வீதியில் வாகனங்கள் நகர இடமில்லாமல் நின்றன. ஒரு லொறிக்காரன் ஹோர்னை அழுத்திவிட்டு, வாசலில் நிற்கிற கூட்டம் எதற்கென்று விளங்கியதும் கையை எடுத்துக்கொண்டான். மத்தியான லுஹர் தொழுகைக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஸமீமாவின் மூத்த சகோதரி மஸாஹிரா, தங்கச்சியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள்.

“பொறுத்துக்கிட்டா, பொறுத்துக்கிட்டா. நீங்க தூக்குங்க.”

ஸாலிஹை மாளிகாவத்தை மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். பாவம், துக்கத்தில் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று வந்திருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாயை அடைப்பது துக்கம்தான் என்று யாரும் நினைப்பார்கள். ஸமீமாவின் வாயை அடைத்தது துக்கம் இல்லை, கோபம்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் ஒரு சிறுத்தை என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்.

*

ஸாலிஹும் ஸமீமாவும் கலியாணம் முடித்து இருபத்தேழு வருஷத்தில் தனியாக ஒரு பயணம் போனதில்லை. பயணம் என்றால் வேன்தான். வேன் என்றால் மாமி, மச்சான், மச்சி, அவர்களின் பிள்ளைகள், இரண்டு சட்டி புரியாணி, யாராவது ஒரு குழந்தையின் வாந்தி. நுவரெலியாவுக்குப் போனாலும் காலி முகத்திடலுக்குப் போனாலும் ஸமீமா பார்த்தது பெரும்பாலும் பீங்கான் கழுவுகிற இடத்தைத்தான்.

ஒரே மகள் ஹிபா கலியாணமாகிக் கட்டாருக்குப் போன பிறகு வீடு வெறிச்சோடிப் போனது. அங்கிருந்துகொண்டு அவள்தான் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தாள். கார், வில்பத்து சரணாலயத்துக்கு ஜீப், போய்த் திரும்பி வருகிற வழியில் புத்தளத்தில் ஒரு இரவு. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் கலியாண நாள் பரிசு.

“சல்லி கட்டி புலிக்கிட்ட போற பைத்தியம் நம்மட வீட்லதான் ஈக்கி,” என்று ஸாலிஹ் முணுமுணுத்தார். சிறுத்தையை அங்கே எல்லாரும் புலி என்றுதான் சொல்வார்கள். ஆனால் பயணத்துக்கு முந்திய நாள் பழைய சோனகத் தெருவில் இருக்கிற தன் பைப் கடையை மத்தியானமே பூட்டிவிட்டு, முடி வெட்டிக்கொண்டு வந்தார். புதுச் சேட் ஒன்றும் வாங்கியிருந்தார். ஸமீமா கவனித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் மட்டும் என்ன, ரொட்டியும் பொரித்த இறைச்சியும் பத்துப் பேருக்குக் கட்டியிருந்தாள். இரண்டு பேருக்குச் சமைக்கிற அளவு அவளுக்குத் தெரியாது.

அவர்களுக்குள் பெரிதாகக் கொஞ்சிக் குலாவுகிற பழக்கம் இருந்ததில்லை. இருந்தது தைலம் ஒன்றுதான். ஹிபா வயிற்றில் இருந்தபோது ஸமீமா மாடிப்படியில் வழுக்கி விழுந்து, இரண்டு தோள் எலும்புகளுக்கும் நடுவில் ஒரு நோவு வந்து ஒட்டிக்கொண்டது. மழை பெய்தால் வரும், துணி அதிகம் தோய்த்தால் வரும். மேலால் கையை விட்டாலும் கீழால் கையை விட்டாலும் அவளுக்கு எட்டாத இடம் அது. படுக்கப் போகும் முன் ஸாலிஹ் தைலப் போத்தலைத் திறப்பார். எங்கே என்று கேட்க மாட்டார். பைப்பும் இரும்பும் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன அந்தக் கை நேராக அந்த இடத்தில் போய் நிற்கும். சண்டை பிடித்த நாட்களிலும் தைலம் பூசுவது நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பூசுவார், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளும் முதுகைக் காட்டுவாள். காதல் என்று மற்றவர்கள் சொல்வது இதைத்தானாக்கும் என்று ஸமீமா நினைத்திருந்தாள். அதில் அவளுக்குக் குறையும் இருக்கவில்லை.

காட்டுக்குள் ஜீப் போய்க்கொண்டிருந்தபோது ஸாலிஹ் அவளுடைய கையைப் பிடித்தார். பட்டப் பகலில், டிரைவர் முன்னால் இருக்க, பிடித்தார். ஸமீமா கூச்சத்தில் டிரைவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

“நல்லாப் பாக்கணும்தானே, நீ ஓரத்துல இரி,” என்று அவர்தான் அவளைத் திறந்த பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்.

மாலை வெயில் சாய்கிற நேரம், ஒரு வில்லுக்குப் பக்கத்தில், வில் என்றால் அந்தக் காட்டில் இருக்கிற இயற்கைக் குளம், டிரைவர் என்ஜினை நிறுத்தினான். “கொட்டியா,” என்று சிங்களத்தில் மெல்லச் சொல்லி மணல் பாதையைக் கையால் காட்டினான். தாய்ச் சிறுத்தை ஒன்று பாதையின் நடுவில், வீட்டு முற்றத்தில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் பற்றைக்குள்ளிருந்து இரண்டு குட்டிகள் வந்தன. குட்டி என்று சொல்லுவது பேச்சுக்குத்தான். இரண்டும் தாயின் உயரத்துக்கு வளர்ந்துவிட்டவை. ஒன்று தாய்க்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. மற்றது துடியாட்டமான பிள்ளை. ஜீப்பைச் சுற்றி வந்தது, டயரை முகர்ந்தது, பிறகு ஸமீமாவின் பக்கம் வந்து முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஜீப்பின் படியில் வைத்தது.

“நோனா, ஹெலவென்ன எப்பா,” என்றான் டிரைவர். அசைய வேண்டாம் என்றான்.

அவள் அசையவில்லை. முழங்காலுக்கு ஒரு முழம் கீழே அதன் முகம். மூக்கு ஈரமாக இருந்தது. மீசை மயிரில் ஒரு புல் துண்டு ஒட்டியிருந்தது. அது அண்ணாந்து அவளைப் பார்த்தது. பயம் இல்லாமல் இல்லை, ஆனால் பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றை அவள் தன் சீவியத்தில் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. பாருங்க, பாருங்க என்று பக்கத்தில் இருக்கிற மனிதரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லக் கூடாது என்பதால் அவருடைய கையை இறுக்கினாள்.

அந்தக் கை உருவிக்கொண்டு போனது. மறு நொடி அதே கை அவளுடைய முதுகில் விழுந்தது. தைலம் பூசுகிற அதே இடத்தில், உள்ளங்கை முழுவதும் பதிய, விழுந்து தள்ளியது. ஸாலிஹ் அவளை ஊன்றித் தள்ளிக்கொண்டு ஜீப்பின் மறுபக்கம் பாய்ந்துவிட்டார்.

ஸமீமா முன்னால் குப்புறப் போய், திறந்த பக்கத்துக் குறுக்குக் கம்பியில் நெஞ்சு அடிபட்டு நின்றாள். கம்பி இல்லாவிட்டால் சிறுத்தையின் மேலேயே விழுந்திருப்பாள். ஜீப் குலுங்கியதில் சிறுத்தை வெருண்டு இறங்கித் தாயிடம் ஓடியது. தாய் எழும்பி ஒரு தரம் உறுமியது. மூன்றும் பற்றைக்குள் போய்விட்டன. டிரைவர் திரும்பி ஸாலிஹைச் சிங்களத்தில் நாலு வார்த்தை ஏசினான். ஸாலிஹ் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீ பயந்திட்டியா?” என்று கேட்டார்.

“இல்ல,” என்றாள்.

அதற்குப் பிறகு புத்தளம் வரும்வரை இருவரும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அல்லது அவள் ஒரு பாட்டம் ஏசியிருந்தால், அதோடு முடிந்திருக்கும். புத்தளத்தில் தேத்தண்ணி குடிக்கப் போன கடையில், எங்கே போய் வாறீங்க என்று முதலாளி கேட்டார். ஸாலிஹ் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

“புலி ஒண்டு ஜீப்லயே ஏறப் பாத்த. நான் இவள இழுத்து எனக்குப் பின்னால போட்டுட்டு முன்னுக்கு நிண்டுட்டன்.”

சொல்லிவிட்டு ஸமீமாவைப் பார்த்தார். ஸமீமா கோப்பையைப் பார்த்தாள்.

*

கொழும்புக்கு வந்த பிறகு புலி வளர்ந்தது. கடையில் வளர்ந்தது, பள்ளிவாசலில் வளர்ந்தது, வெள்ளவத்தையில் மஸாஹிராவின் வீட்டு விருந்தில் அது கர்ஜித்துக்கொண்டு பாய்ந்தது. எல்லாருடைய வாயும் திறந்தபடி இருக்கும். ‘இவள இழுத்து எனக்குப் பின்னால’ என்கிற இடம் வரும்போது ஸாலிஹ் ஒவ்வொரு தடவையும் நிறுத்துவார். நிறுத்தி ஸமீமாவைப் பார்ப்பார். அவள் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவாள்.

பயந்ததை அவள் ஒரு குற்றமாக நினைக்கவில்லை. ஆள் அகப்பட்டால் கடித்துக் குதறுகிற மிருகம், யாருக்கும் பயம் வரும். ஆனால் தன்னைத் தள்ளிவிட்ட கதையைத் தன் கண்ணுக்கு முன்னாலேயே காப்பாற்றிய கதையாக மாற்றிச் சொல்வதும், அதற்குத் தன்னையே சாட்சியாக உட்கார வைத்துப் பார்ப்பதும் அவளைப் புண்ணாக்கியது. என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தாள். சபையில் புருஷனின் மானத்தை வாங்குகிற பழக்கம் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு இல்லை. அதனால் வேறு விதமாகப் பழி தீர்த்தாள். தைலம் பூசச் சொல்லிக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

“முதுகு நோவா?” என்று அவர் கேட்பார்.

“இல்ல.”

“மழ பெய்யிதே.”

“பெஞ்சாப் பெய்யட்டும்.”

நோவு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஸாலிஹ் தைலப் போத்தலை எடுத்து அவளுடைய தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விளக்கை அணைப்பார். காலையில் அது அப்படியே இருக்கும். அவர் அதை எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்படிப் போனவர்தான். கடையில், குழாய் வேலை செய்கிற ஒரு பாஸுக்குக் குழாய் எடுத்துக் கொடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

*

கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். ஸமீமா வெள்ளை உடுத்து, மாடி வீட்டின் உள்ளறையில் இருந்தாள். அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது என்று ஜன்னலுக்கும் வாசலுக்கும் மஸாஹிரா தடித்த திரை போட்டிருந்தாள். வெளியே கொட்டாஞ்சேனை தன் பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. லொத்தர் சீட்டு விற்கிறவனின் ஸ்பீக்கர், துறைமுகத்துக் கொன்டெய்னர் லொறிகள், லூசியா கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு. ஸமீமாவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஓதினாள், இருந்தாள், படுத்தாள்.

பார்க்க வருகிற பெண்கள் எல்லாரும் புலியைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். மவுத்தானவரைப் பற்றி நல்லதைப் பேச வேண்டும் என்பது வழக்கம். ஸாலிஹைப் பற்றி எல்லார் கையிலும் இருந்த நல்ல விஷயம் அதுதான்.

“ஒங்கள அணச்சிப் புடிச்சிக்கிட்டு புலிக்கு முன்னால நிண்டாராமே. அப்படியாப்பட்ட மனுசன் யாருக்குக் கெடைக்கும், புள்ள,” என்றாள் புதுக்கடைப் பகுதியிலிருந்து வந்த ஒரு சாச்சி.

ஸமீமா தலையை ஆட்டினாள். சாச்சி போன பிறகு மஸாஹிராவைப் பிடித்துக்கொண்டாள். அக்காவை அவள் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

“தாத்தா, அண்டைக்கி நீங்க ஏன் எனக்காகப் பதில் சொன்ன?”

“எண்டைக்கி?”

“ஜனாஸா எடுக்க முந்தி. பொறுத்துக்கிட்டா எண்டு நீங்கதானே சொன்ன.”

மஸாஹிரா பிசைந்துகொண்டிருந்த மாவை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “வேற என்ன சொல்ற? மய்யத்த நடுவூட்டுல வச்சிக்கிட்டு? நீ வாய் தொறக்கல்ல. ஆம்புளயள் நிண்டுக்கிட்டிருந்தாங்க.”

“நான் பொறுத்துக்கல்ல.”

மஸாஹிராவின் முகம் வெளிறிவிட்டது. எழும்பி வந்து கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “என்ன செஞ்ச அவரு? வேற எங்கயும் தொடுப்பு ஏதும் ஈந்ததா?” என்றாள்.

இந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளையின் குற்றம் என்றால் அது ஒன்றுதான் என்று தாத்தா நினைத்ததில் ஸமீமாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது சுருங்கிக்கொண்டே போனது. கேட்கிற காதுக்கு அது ஒரு மனுஷன் புலிக்குப் பயந்த கதை, அவ்வளவுதான்.

“இவ்வளவுதானா? அல்லாஹ்வே, நான் என்னமோ ஏதோ எண்டு பயந்திட்டன்,” என்று மஸாஹிரா நெஞ்சைத் தடவிக்கொண்டாள். “புலியக் கண்டா யாரும் பாயத்தான் செய்வாங்க. எங்கட வீட்ல ஒன்ட மச்சான் கரப்பானுக்கே கட்டில்ல ஏறுறவர்.”

“பாஞ்சத்துக்கு இல்ல, தாத்தா.”

“பொறகு?”

“பொறகு ஒரு தடவயாவது ‘செஞ்சிட்டன் ஸமீமா’ எண்டு சொல்லல்லயே. சொல்லாமலே போயிட்டாரே. நீங்க வேற எனக்குப் பதிலா மாப்பு குடுத்து அனுப்பிட்டீங்க. நான் குடுக்காத மாப்ப வச்சிக்கிட்டு அவரு அங்க என்ன செய்வாரு?”

மஸாஹிரா சாத்திய கதவைத் திறந்துவிட்டாள். மாவுக்குத் திரும்பிப் போனாள். அன்று ரொட்டி கல்லாக இருந்தது.

*

இத்தா பாதி முடிந்திருந்த ஒரு பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு பேதுரு வந்தான். ஸாலிஹின் கடைக்குப் பக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறவன். ஸாலிஹை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு, பத்துப் பதினைந்து வருஷமாக அவருடன் ஒரே பிளாஸ்கில் தேத்தண்ணி குடித்தவன். கடையில் கிடந்த ஸாலிஹின் கண்ணாடியையும் தொழுகைத் தொப்பியையும் கொண்டுவந்திருந்தான். மஸாஹிரா அவற்றை வாங்கிக்கொண்டு, அவனைத் திரைக்கு வெளியே கதிரையில் உட்கார வைத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவது என்று பேதுருவுக்குத் தெரியவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துப் பேசினான்.

“அக்கா, நான் ஒண்டு கேக்கணும். கேக்கலாமோ தெரியா.”

“கேளுங்க.”

“நானா உங்களிட்ட அந்தப் புலி விசயம் சொன்னவரா?”

ஸமீமாவுக்கு எரிச்சல் வந்தது. இவனும் புலியோடுதான் வந்திருக்கிறான். “அத அவரு ஊருக்கே சொன்னதானே,” என்றாள்.

“அது இல்ல, அக்கா. உண்மையா நடந்தது.”

திரைக்கு உள்ளே ஸமீமா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.  பேதுரு கலண்டரிடம் சொல்வது போலவே சொன்னான்.

“ஒரு நாள் கடை பூட்டுற நேரம் என்னட்ட கேட்டார், ‘பேதுரு, நீங்க கோயில்ல போய்ப் பாதரிட்ட பாவத்தச் சொல்றீங்களே, சொன்ன பிறகு லேசாகுமா’ எண்டு. நான் பகிடிக்கு, ‘நீங்க என்ன பாவம் செய்தீங்க நானா, பைப்பக் குறைச்சு அளந்தீங்களா’ எண்டு கேட்டன். அவர் சிரிக்கேல்ல. ‘ஸமீமாவ நான் புலிப் பக்கம் தள்ளிட்டன், பேதுரு’ எண்டார். ‘தள்ள நெனக்கல்ல. கை தானாப் போச்சு. அவட முதுகுல அந்த இடம் என்ட கைக்குப் பழகின இடம். நேரா அங்கதான் போச்சு’ எண்டார்.”

குசினியில் கோப்பைச் சத்தம் நின்றுவிட்டது. மஸாஹிரா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் கேட்டன், ‘பிறகு ஏன் நானா ஊரெல்லாம் மாத்திச் சொல்றீங்க’ எண்டு. ‘மொதல்ல வெக்கத்துல சொன்ன. பொறகு அவட மொகத்தப் பாத்துப் பாத்துச் சொன்ன’ எண்டார். ‘பொய் சொல்றாரு எண்டு அவ ஒரு தடவ சொன்னாப் போதும், எல்லாருக்கும் முன்னுக்கு ஓ எண்டு ஒத்துக்கிருவன். தனியா இருக்கக்குள்ள வாய் வருதில்ல. அவ சொல்றாவே இல்ல பேதுரு, எழும்பிப் போயிடுறா. தைலம் பூசவும் கேக்கிறதில்ல’ எண்டு சொல்லிப்போட்டு அழுதிட்டார். நானா அழுது நான் கண்டதில்ல.”

ஸமீமா திரையின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். எல்லா விருந்துகளும் ஒன்றாகக் கண்ணுக்கு முன் வந்தன. கதையை நிறுத்திவிட்டு அவர் தன்னைப் பார்த்த ஒவ்வொரு பார்வையும் வந்தது. சாட்சிக்கு இழுக்கிறார் என்று நினைத்திருந்தாள். என் பொய்யைப் பிடித்துக்கொடு என்று கெஞ்சியிருக்கிறார். அவளோ கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

“அவவிட்ட நேரச் சொல்லுங்க எண்டு நான்தான் சொன்னனான்,” என்றான் பேதுரு. “நோன்பு வர முன்னுக்குச் சொல்லிருவன் எண்டார். அதுக்குள்ள இப்பிடியாப் போச்சு. அதான் அக்கா, சொன்னாரா இல்லையா எண்டு எனக்குத் தெரியணும். சொல்லாமப் போயிருந்தா அந்தப் பாரத்தோடதானே போயிருப்பார். ஒவ்வொரு நாளும் அவர்ட பூட்டின கடையப் பாக்கேக்க எனக்கு இதுதான் நினைப்பு.”

அவன் காத்திருந்தான். ஷரீப் ஹாஜியார் நின்ற அதே இடத்தில், அதே திரைக்கு அந்தப் பக்கம் இருந்து, கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தான். இந்த முறை முந்திக்கொண்டு பதில் சொல்ல மஸாஹிரா பக்கத்தில் இல்லை.

“சொன்னாரு,” என்றாள் ஸமீமா.

“சொன்னவரா?”

“மவுத்தாக முந்தின நாள் சொன்னாரு. எல்லாத்தையும் சொன்னாரு.” குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. “நான் பொறுத்துக்கிட்டன். அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கிட்டன்.”

திரைக்கு அந்தப் பக்கம் கதிரை கிறீச்சிட்டது. பேதுரு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பெரிய ஆறுதல், அக்கா,” என்றான். மஸாஹிரா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான். படியிறங்கிப் போகும்போது அவனுடைய காலடிச் சத்தம் வந்ததைவிட விரைவாக இருந்தது.

மஸாஹிரா வெறும் கோப்பையோடு உள்ளே வந்தாள். “அவரு ஒன்ட்ட சொல்லவே இல்லயே,” என்றாள்.

“இல்ல.”

“அப்ப ஏன் அப்படிச் சொன்ன?”

“கேட்ட மனுசன் வாசல்ல காத்துக்கிட்டு ஈக்கும்போது வேற என்ன சொல்ற, தாத்தா,” என்றாள் ஸமீமா. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு வேறு பதில் தெரியவில்லை. சொன்னது பொய், ஆனால் அதற்குள் இருந்த கடைசி வார்த்தை பொய் இல்லை. அது தன் வாயிலிருந்து வந்ததை அவளே தன் காதால் கேட்டாள். கேட்க வேண்டியவர்தான் இல்லை.

வெளியே மழை பிடித்தது. மாடித் தகரத்தில் விழுகிற சத்தத்தோடு அந்த நோவும் வந்து சேர்ந்தது. ஸமீமா எழும்பி அலுமாரியைத் திறந்தாள். தைலப் போத்தல் ஸாலிஹ் கடைசியாக வைத்த இடத்தில், அவருடைய சேட்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. விரலில் தொட்டுக்கொண்டு தோளுக்கு மேலால் கையை விட்டுப் பார்த்தாள். எட்டவில்லை. இடுப்புப் பக்கத்தால் விட்டுப் பார்த்தாள். அதுவும் எட்டவில்லை.

“கொண்டா, நான் பூசிவிடுறன்,” என்று மஸாஹிரா போத்தலை வாங்கிக்கொண்டு அவளைக் கட்டிலில் உட்கார வைத்தாள். அவளுடைய கை மெத்தென்று இருந்தது. தோளில் தேய்த்தது, கழுத்துக்குக் கீழே தேய்த்தது, நடுவில் வந்தது.

“இங்கயா?”

“இல்ல.”

“கொஞ்சம் மேலயா?”

“அங்க இல்ல, தாத்தா.”

“எந்த இடம் எண்டு சொல்லன் புள்ள, சொன்னாத்தானே பூசலாம்.”

ஸமீமா சொல்லப் பார்த்தாள். மேலே என்பதா, உள்ளே என்பதா, வலப் பக்கம் என்பதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தை யாருக்கும் சொல்லிக் காட்ட வேண்டி வந்ததில்லை. தாத்தாவின் கை முதுகெல்லாம் தேடிக்கொண்டிருக்க, அவர் போன பிறகு முதல் தடவையாக ஸமீமா வாய்விட்டு அழுதாள்.